பூட்டிய பள்ளிக்கூடமும் பஸ்ஸில் போன எழுத்தும்: டிரான்ஸ்னிஸ்ட்ரியா வழக்கு, ஹட்டனிலிருந்து ஒரு வாசிப்பு

போன தைப்பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் கடைக்குக் கொடுத்துவிட எழுதிய சாமான் துண்டு மேசைமேல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் முழுக்கச் சிங்கள எழுத்து. சரி, சிங்களத்தில் எழுதியிருக்கிறாள் என்று வாசிக்கத் தொடங்கினேன். வாய்க்குள் வந்ததோ புளி, கருவாடு, கடலைப்பருப்பு, வெத்திலை. மொழி தமிழ், எழுத்து மட்டும் சிங்களம். அத்தான் வேலை பார்த்த தோட்டம் இரத்தினபுரிப் பக்கம். அங்கே நடந்துபோகிற தூரத்தில் இருந்த தமிழ்ப் பாடசாலை ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்தது சிங்களப் பாடசாலைதான். பிள்ளை நன்றாகப் படித்தாள், வீட்டில் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள், மாமா மாமா என்று வாய் ஓயாது. ஆனால் அக்காவுக்குச் சிங்கள எழுத்து வாசிக்க வராது. தான் பெற்ற பிள்ளை எழுதிய தமிழை அவளால் வாசிக்க முடியாது.

இதைப் பற்றி ஒரு சட்டத்தரணி நண்பரிடம் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஒரு வழக்கைச் சொன்னார். கத்தான் மற்றும் பிறர் எதிர் மால்டோவா, ரஷ்யா. தீர்ப்பு 2012 அக்டோபர் 19. வழக்குப் போட்டவர்கள் 170 பேர், எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் பிள்ளைகள் எங்கள் மொழியை எங்கள் எழுத்தில் படிக்க வேண்டும். இலங்கை மலையகத்தின் தோட்டப் பள்ளிக்கூடங்களில் இருபது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன் நான். சட்டம் படித்தவன் இல்லை. அதனால் இதை வாத்தியார் வாசிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிடம் யாருடையது, வாடகை யார் கட்டினார்கள், பஸ் யார் விட்டார்கள் என்ற விஷயங்களில்தான் என் கண் போய் நின்றது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவில் மால்டோவா என்ற சின்ன நாடு. அதன் கிழக்கு ஓரத்தில் டினீஸ்டர் ஆறு. ஆற்றங்கரையை ஒட்டி உக்ரைன் எல்லைவரை நீளவாக்கில் கிடக்கிற பட்டைதான் டிரான்ஸ்னிஸ்ட்ரியா. 1989 கணக்கெடுப்பில் அங்கே மால்டோவர் 40 வீதம், உக்ரைனியர் 28 வீதம், ரஷ்யர் 24 வீதம். சோவியத் ஒன்றியம் உடையப் போகிற நேரத்தில், 1990 செப்டம்பர் 2, இந்தப் பட்டை தன்னைத் தனியாக அறிவித்துக்கொண்டது. 1992இல் சண்டை மூண்டது. அங்கே நிலைகொண்டிருந்த ரஷ்யாவின் 14ஆம் படையின் தயவில் பிரிவினைப் பக்கம் தாக்குப்பிடித்தது. அதே வருடம் ஜூலை 21 போர்நிறுத்தம். அன்றிலிருந்து அது தனிக்கொடி, தனிப் பொலிஸ், தனி நாணயம் எல்லாம் வைத்திருக்கிற, ஆனால் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடு ஒன்றுகூட ஏற்றுக்கொள்ளாத ஒரு நாடு. ரஷ்யாவே ஏற்கவில்லை.

மொழி ஒன்றுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதை இலத்தீன் எழுத்தில் எழுதி ருமேனிய மொழி என்கிறார்கள், அந்தப் பக்கம் அதிகாரத்தில் இருப்பவர்கள் சிரிலிக் எழுத்தில், அதாவது ரஷ்ய எழுத்தில் எழுதி மால்டாவிய மொழி என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கரையிலும் ஒரே சொல், கிட்டத்தட்ட ‘ஷ்குவாலா’ என்று காதில் விழும். இலத்தீனில் அந்தச் சொல்லின் முதல் எழுத்து கீழே குட்டி வால் தொங்கும் பாம்பு மாதிரி இருக்கும், சிரிலிக்கில் மூன்று பல் உள்ள முள்ளுக்கரண்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. பாம்பு எழுத்தில் எழுதினால் குற்றம், கரண்டி எழுத்தில் எழுதினால் பரவாயில்லை. சொல்ல வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அதுதான் சட்டம்.

இதில் ஒரு நேர்மை வேண்டும். சிரிலிக் அந்த மொழிக்கு அந்நியமானது என்று சொல்லிவிட முடியாது, ருமேனிய மொழியே 1860கள் வரை சிரிலிக்கின் ஒரு பழைய வடிவத்தில்தான் எழுதப்பட்டது. சோவியத் காலத்தில் நடந்ததுதான் கூத்து. 1924இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தன்னாட்சிக் குடியரசை உண்டாக்கி, சிரிலிக்கைக் கொடுத்தார்கள். 1932இல் இலத்தீனுக்கு மாற்றினார்கள். 1938இல் திரும்பச் சிரிலிக்குக்கு. 1940இல் மற்றக் கரையும் சோவியத் கைக்குப் போக, அங்கேயும் சிரிலிக். 1967இல் ஒரு எழுத்தின் தலையில் பிறை மாதிரி ஒரு குறி வைத்துப் புது எழுத்தொன்றையும் சேர்த்தார்கள். 1989 ஆகஸ்ட் 31 மால்டோவா திரும்ப இலத்தீனுக்கு வந்தது. 1924இல் முதலாம் வகுப்புக்குப் போன ஒருவர் உயிரோடு இருந்திருந்தால் தன் தாய்மொழியின் எழுத்து மூன்று தரம் மாறியதைப் பார்த்திருப்பார். நாம் ‘லை’யின் தும்பிக்கை போனதற்கே இன்னும் வருத்தப்படுகிறோம். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்தியபோது எங்கள் தாத்தா, யானைக்குத் தும்பிக்கையை வெட்டிவிட்டான்கள் என்று சொல்லிக்கொண்டு சாகும்வரை பழைய ‘லை’யில்தான் ஊருக்குக் கடுதாசி போட்டார். ஆனால் புது ‘லை’ படித்த பேரனால் தாத்தாவின் கடுதாசியை வாசிக்க முடிந்தது. அக்கா வீட்டுத் துண்டில் நடந்தது அதுவல்ல.

டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் 1992 மொழிச் சட்டம், மால்டாவிய மொழி எந்தச் சந்தர்ப்பத்திலும் சிரிலிக்கில்தான் எழுதப்பட வேண்டும் என்றது. 1994 ஆகஸ்டில் பள்ளிகளில் இலத்தீன் எழுத்துக்கே தடை. 2002இல் வேறு எழுத்தைப் பாவித்தால் குறைந்தபட்சச் சம்பளத்தின் 50 மடங்கு வரை தண்டம் என்று வைத்தார்கள். (நாட்சம்பளம் 1000 ரூபாய்க்கு ஏற இங்கே எத்தனை வருடம் ஊர்வலம் போனோம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ‘50 மடங்கு’ எப்படி உறைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.) இதற்கு நடுவில் 1999 மே 21 வந்த உத்தரவுதான் என் கணக்கில் முக்கியமானது. வெளிநாட்டுக்குச் சொந்தமான பள்ளிகள் எல்லாம் எங்களிடம் பதிய வேண்டும், பதியாவிட்டால் அங்கீகாரம் இல்லை. அதாவது மால்டோவாவின் கல்வி அமைச்சிலே பதிந்து, அந்த நாட்டுப் பாடத்திட்டத்தைப் படிப்பிக்கிற பள்ளிகள், மால்டோவா என்று உலகமே ஏற்கிற மண்ணில் நின்றுகொண்டு வெளிநாட்டுப் பள்ளிகள் ஆகிவிட்டன. பதியப் போனால் சிரிலிக் எழுத்தையும் அவர்கள் பாடத்திட்டத்தையும் ஏற்க வேண்டும். ஒரு பள்ளியைக் கொல்ல வேண்டுமென்றால் பொலிஸை அனுப்புவது கடைசி வேலை. முதல் வேலை ஒரு படிவத்தை அனுப்புவது.

அந்தப் படிவம் மூன்று ஊர்களில் என்ன செய்தது என்பதுதான் வழக்கு.

ரிப்னிட்சா என்ற ஊரில் எவ்ரிகா பள்ளி. மால்டோவா அரசுக் காசில் கட்டிய கட்டிடத்தில், ககாரின் வீதியில் இருந்தது. பதிய மாட்டோம் என்றது. 2004 பெப்ரவரியில் அந்தக் கட்டிடத்தை டிரான்ஸ்னிஸ்ட்ரிய அதிகாரிகள் ஊரின் கல்வித் திணைக்களத்துக்கு மாற்றி எழுதிவிட்டார்கள். ஜூலை 29 பொலிஸ் உள்ளே புகுந்து, பள்ளியைக் காவல்காத்துக்கொண்டிருந்த பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே போட்டது. அதற்குப் பிறகு வந்த நாட்களில் நடந்ததைத்தான் பெற்றோர் நீதிமன்றத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். பொலிஸும் கல்வித் திணைக்களக்காரர்களும் வீடு வீடாக வந்து, பிள்ளையை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்து எங்களிடம் பதிந்த பள்ளியில் சேருங்கள் என்றார்கள். சேர்க்காவிட்டால் வேலை போகும், பிள்ளையை வளர்க்கிற உரிமையே போகும் என்று மிரட்டினார்கள் என்பது அவர்கள் முறைப்பாடு. தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் இது எனக்குப் புரிகிறது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கிற இடத்தில் ஒருவர் வாசலில் வந்து நின்று மெதுவாகப் பேசினாலே போதும்.

பெண்டர் ஊரில் அலெக்சாண்ட்ரு செல் புன் பள்ளி. அங்கே 2004 ஜூலை 18 தண்ணீரையும் மின்சாரத்தையும் வெட்டினார்கள். அடுத்த நாள், இனி இந்தக் கட்டிடம் உங்களுக்கு இல்லை என்று அறிவித்தல். ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளும் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். பொலிஸ் சுற்றி வளைத்தது, எடுக்கப் பார்த்தது, முடியவில்லை. 28ஆம் தேதி விலகிப் போனது. கோடைகாலம், தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, பத்து நாள். சர்வதேசப் பார்வையாளர்கள் வந்து பேசி, செப்டம்பர் 20தான் தண்ணீரும் மின்சாரமும் திரும்பக் கிடைத்தது. பள்ளியும் திறந்தது, ஆனால் பழைய கட்டிடத்தில் இல்லை. ஊரின் வெவ்வேறு மூலைகளில் வாடகைக்கு எடுத்த மூன்று கட்டிடங்களில், சிற்றுண்டிச்சாலையோ விஞ்ஞானகூடமோ விளையாட்டு வசதியோ இல்லாமல் நடந்தது. பிரதான கட்டிடத்துக்கு பஸ்கூட இல்லை. அதாவது பள்ளியைத் தடை செய்யவில்லை என்று கையை விரிக்கலாம், திறந்துதானே இருக்கிறது என்று சொல்லலாம். வாடகை வேறு யாருக்குப் போகிறது என்று பாருங்கள், பள்ளியைத் துரத்தியவர்களுக்கே.

கிரிகோரியோபோலில் நடந்தது இதற்கும் முந்தியது, எனக்கு அதிகம் மனதில் நிற்பதும் அதுதான். ஸ்டெஃபான் செல் மாரே பள்ளி முதலில் சிரிலிக்கில் நடந்த பள்ளிதான். 1996இலிருந்து பெற்றோர், இலத்தீனுக்கு மாற்றித் தாருங்கள் என்று மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். பத்திரிகையில் ஏச்சு, உளவுக்காரர்களின் மிரட்டல் என்று ஆறு வருடம் போனது. 2002 ஆகஸ்ட் 22 பொலிஸ் உள்ளே புகுந்து எல்லாரையும் வெளியேற்றியது. ஆறு நாள் கழித்துப் பெற்றோர் குழுவின் தலைவரைப் பிடித்து 15 நாள் காவலில் வைத்தார்கள். ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங் தலைவருக்கு 15 நாள்! அதற்குப் பிறகு அந்தப் பள்ளி ஊரைவிட்டே வெளியேறியது. 20 கிலோமீட்டர் தள்ளி டொரோட்ஸ்காயா என்ற கிராமம், மால்டோவாவின் கட்டுப்பாட்டில் இருப்பது. மால்டோவா அரசு பஸ் விட்டது. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் காலையில் பஸ் ஏறி, சோதனைச் சாவடியில் பை திறந்து காட்டி, அடையாளம் காட்டி, ஏச்சும் துப்பலும் வாங்கிக்கொண்டு (இந்தக் கடைசி இரண்டும் பெற்றோர் சொன்னது) பள்ளிக்குப் போனார்கள். பின்னேரம் அதே வழியில் திரும்பினார்கள்.

பையில் என்ன இருந்திருக்கும்? கொப்பி, பென்சில், சாப்பாட்டுப் பெட்டி. சோதிக்கிறவன் கொப்பியைத் திறந்தால் கணக்கு, வரலாறு, கட்டுரை, எல்லாம் பாம்பு எழுத்தில். நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து உயர்தரம் படிக்க வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதிகாலையில் இருட்டோடு எழும்பி, மேற்கணக்கு லயத்திலிருந்து மலையிறங்கி, ரோட்டுக்கு வந்து, பஸ் நிற்காமல் போனால் அடுத்த பஸ்ஸுக்கு நின்று, முதல் பாடம் முடிகிற நேரத்தில் வகுப்புக்குள் வருவார்கள். மழை நாளில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். யாரும் அவர்கள் பையைச் சோதிப்பதில்லை, யாரும் துப்புவதில்லை. அதை இதோடு சமன் வைத்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் நியாயமில்லை, நமக்கும் நியாயமில்லை. ஆனால் தூரம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். முதலில் காலை வகுப்பு போகும், அப்புறம் வாரத்தில் ஒரு நாள் போகும், அப்புறம் பிள்ளையே போய்விடும்.

எண்ணிக்கை அதைத்தான் சொல்கிறது. எவ்ரிகாவில் 2002-03 கல்வியாண்டில் 683 பேர், 2008-09இல் 345. பெண்டர் பள்ளியில் அதே ஆறு வருடத்தில் 1751 பேர் 901 ஆனார்கள். கிரிகோரியோபோலில் 2000-01இல் 709 பேர், பத்து வருடம் கழித்து 169. பொலிஸ் புகுந்த நாளில் பள்ளிகள் காலியாகவில்லை, அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் காலியாயின.

2004 ஜூலையில் இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது ஐரோப்பிய பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பின் சிறுபான்மையினருக்கான உயர் ஆணையர் ரோல்ஃப் எக்கேயுஸ் இதை மொழிச் சுத்திகரிப்பு என்றே அழைத்தார். பெரிய வார்த்தை. ஆனால் வழக்கில் நீதிபதிகள் போன பாதை வேறு. பிரிவினை சரியா பிழையா என்றோ எந்த எழுத்து உயர்ந்தது என்றோ அவர்கள் கேட்கவில்லை. இந்தப் பெற்றோருக்கு முன்னால் என்ன வழிகள் இருந்தன என்று பார்த்தார்கள். ஒரு வழி, பிள்ளையைச் சிரிலிக் பள்ளிக்கு அனுப்புவது. அந்த மொழியும் அந்த எழுத்தும் சேர்ந்த சேர்க்கை உலகத்தில் வேறெங்கும் செல்லுபடியாகாது, புத்தகங்கள் சோவியத் காலத்தவை, மேலே படிக்கப் போனால் அந்த எழுத்து அதிக தூரம் கூட வராது. இன்னொரு வழி, இலத்தீன் பள்ளி. அதற்குப் போனால் தூரமும் ஓட்டைக் கட்டிடமும் பயமும். இப்படி ஒரு தேர்வைப் பெற்றோர் தலையில் வைக்கிறதே கல்வி உரிமை மீறல் என்றது நீதிமன்றம். இந்தப் பள்ளிகளை நெருக்கியதன் நோக்கம் அந்த மக்களின் மொழியையும் பண்பாட்டையும் ரஷ்யமயமாக்குவதுதான் என்றும் ஒளிக்காமல் எழுதியது.

நான் இந்தத் தீர்ப்பில் மதிக்கிற இடம் இதுதான். எழுத்து என்றவுடன் நாம் உணர்ச்சிவசப்படுவோம், தாய், உயிர், ரத்தம் என்று போவோம். நீதிமன்றம் வாத்தியார் மாதிரி கேட்டிருக்கிறது: இந்த எழுத்தில் பள்ளியை முடித்தால் மேலே படிக்க எங்கே போவாய்? எழுத்து ஒரு பாதை, அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்பதுதான் கேள்வி. சிரிலிக்கில் எழுதிய மால்டாவிய மொழி பள்ளிப் படிப்புவரை ஓடி ஒரு சுவரில் முட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ரஷ்ய மொழி நிற்கிறது, வா என்று.

சரி, பொறுப்பு யாருடையது? இதுதான் வழக்கின் சிக்கலான முடிச்சு. பூட்டுப் போட்டது டிரான்ஸ்னிஸ்ட்ரிய அதிகாரிகள். அவர்கள் மேல் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அப்படி ஒரு நாடே இல்லை. மால்டோவா என்ன சொல்லும்? அது எங்கள் மண்தான், ஆனால் எங்கள் பொலிஸால் அங்கே கால் வைக்க முடியாது. ரஷ்யா என்ன சொல்லும்? அது எங்கள் மண்ணே இல்லை, பள்ளிக்கூடச் சண்டைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? ஆளுக்கு ஆள் கையைக் காட்டினால் நடுவில் பிள்ளை நிற்கும்.

நீதிமன்றம் முடிச்சை இரண்டு பக்கத்திலிருந்தும் அவிழ்த்தது. மால்டோவாவுக்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டாலும் கடமை இருக்கிறது, தன்னால் முடிந்ததைச் செய்தே ஆக வேண்டும் என்றது. செய்ததா என்று பார்த்தால், வாடகை கட்டியது, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தது, தளபாடம் வாங்கியது, பஸ் விட்டது. ஆகவே மீறல் இல்லை என்று எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ரஷ்யாவைப் பொறுத்தவரை, இந்தப் பள்ளிகளைப் பூட்டியதில் ரஷ்ய அதிகாரிகள் நேரடியாகக் கைவைத்ததற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஆனால் ரஷ்யாவின் படையும் காசும் எரிவாயுவும் அரசியல் ஆதரவும் இல்லாமல் அந்த ஆட்சி நின்றிருக்காது, ஆகவே பொறுப்பு ரஷ்யாவுடையது என்றது. 17 நீதிபதிகளில் 16 பேர் இந்தப் பக்கம், எதிர்த்தவர் ரஷ்யாவின் நீதிபதி. ஒவ்வொரு மனுதாரருக்கும் 6000 யூரோ, மொத்தம் 10,20,000 யூரோ, செலவுக்கு வேறு 50,000.

வாசிக்கும்போது எனக்கு நம்முடைய பழைய கதை ஞாபகம் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் என்னவாக இருந்தது? ஆட்கணக்கு எடுக்கிற பெரட்டுக்களத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில், அல்லது கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவின் ஒரு பக்கம், ஒரு வாத்தியார், அவரே சில இடங்களில் தோட்டத்துக் கணக்கும் எழுதுவார். துரைமாருக்குப் பிள்ளை கொழுந்து எடுக்க வந்தால் சந்தோஷம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது, தோட்டத்துக்குள் அது ஒழுங்காக வரவில்லை. 1948, 1949 குடியுரிமைச் சட்டங்களோடு எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் நாடில்லாதவர்கள் ஆனார்கள். கேட்டால் கம்பனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் கம்பனியைக் காட்டும், எங்கள் ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இந்தியாவைக் காட்டினார்கள். 1970களில்தான் அரசு தோட்டப் பள்ளிகளைக் கையேற்கத் தொடங்கியது. அந்த இடைக்காலம் முழுவதும் பொறுப்பில்லாமல் இருந்தது யார் என்று கேட்க ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி ஓர் இடம் எங்களுக்கு இருக்கவில்லை. யார் கையில் பிடி இருக்கிறதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்த ஒரு வரியை அறுபதுகளில் யாராவது இங்கே சொல்லியிருந்தால் என்று நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தீர்ப்பில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. பெற்றோர் கல்வி உரிமையோடு நிற்கவில்லை, இது பாரபட்சம், எங்கள் மொழிக்காகவே எங்களை ஒதுக்கினார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். கல்வி உரிமை மீறல் நிரூபணமாகிவிட்டதே, அதைத் தனியாக ஆராயத் தேவையில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். சட்டக்காரர்களுக்கு அது சிக்கனமாக இருக்கலாம். ஆனால் அதே ஊரில் ரஷ்ய மொழிப் பிள்ளைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி, உக்ரைனியப் பிள்ளைக்கும் அவள் எழுத்து, மால்டோவப் பிள்ளைக்கு மட்டும் 20 கிலோமீட்டர் என்றால், அந்த ‘மட்டும்’ என்பதுதான் வழக்கின் உயிர் என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ்யா காசைக் கட்டவில்லை. அந்த நீதிமன்றம் சேர்ந்திருக்கிற ஐரோப்பியப் பேரவை தீர்மானம் போட்டுக் கேட்டது, அசைவில்லை. 2018இலும் 2019இலும் அதே இலத்தீன் பள்ளிகளைப் பற்றி அதே நீதிமன்றம் திரும்பவும் ரஷ்யாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. 2017 நவம்பரில் இரண்டு கரையும் உட்கார்ந்து பேசி இந்தப் பள்ளிகள் இயங்குவதைப் பற்றி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2022 மார்ச்சில், உக்ரைன் போரோடு, ரஷ்யா ஐரோப்பியப் பேரவையிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மால்டோவா பாராளுமன்றம் தன் சட்டங்களில் மால்டோவ மொழி என்று இருந்த இடமெல்லாம் ருமேனிய மொழி என்று மாற்றியது. 2004இல் எவ்ரிகாவில் முதலாம் வகுப்புப் படித்த பிள்ளைக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும்.

சனிக்கிழமைகளில் ஹட்டனில் நாங்கள் நாலைந்து வாத்திமார் கூடுவோம். இந்த வழக்கை அங்கே சொன்னபோது ஒருவர் உடனே கேட்டார்: நம்மளுக்கு இது என்னத்துக்கு சேர், இங்கே யாரும் எழுத்தைத் தடை செய்யலையே? சரியான கேள்வி. இலங்கை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தமிழிலோ சிங்களத்திலோ கல்வி கற்கும் உரிமையைத் தருகிறது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. நுவரெலியா மாவட்டத்தில் இரு மொழி நிர்வாகப் பிரிவுகள் உண்டு. எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் என் பாடசாலைக்கு மேலிடத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் வந்த சுற்றறிக்கைகளை எண்ணி வைத்திருந்தால் ஒரு கொப்பி நிறைந்திருக்கும். ஒருமுறை தமிழ்த்தினப் போட்டிக்கான அறிவித்தலே சிங்களத்தில் வந்தது. அதிபர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து, யாராவது வாசிச்சுச் சொல்லுங்கப்பா என்றார். சிரித்தோம். பிறகு ஒரு ஆசிரியை உரக்க மொழிபெயர்க்க நாங்கள் எழுதிக்கொண்டோம், விண்ணப்ப முடிவு தேதி முந்தின நாளோடு போயிருந்தது.

கேள்வி கேட்ட அந்த வாத்தியார் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அங்கே சட்டத்தால் செய்ததை இங்கே தூரம் செய்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் தமிழில் படிக்க ஒரு தோட்டத்துப் பிள்ளை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பாருங்கள், அப்புறம் இரத்தினபுரி, கேகாலை, காலி, மாத்தறைத் தோட்டங்களில் சாதாரண தரத்துக்கே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். யாரும் தமிழை நிறுத்தச் சொல்லவில்லை. பாதைதான் ஐந்தாம் ஆண்டிலோ பதினோராம் ஆண்டிலோ முடிந்துபோகிறது. முடிகிற இடத்தில் நிற்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது, அக்காவையும் அத்தானையும் குற்றம் சொல்ல முடியுமா? சிங்களம் படித்ததால் அந்தப் பிள்ளைக்கு நட்டம் ஒன்றும் இல்லை, அவளுக்குத் தெரிந்ததில் பாதி சிங்களம் எனக்குத் தெரிந்திருந்தால் கந்தோர்களில் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும். தமிழ் எழுத்தும் கூடவே கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு ஒரு ஆசிரியர், ஒரு வகுப்பறை, வாரத்துக்குச் சில பாடவேளை போதும். மால்டோவா கிரிகோரியோபோல் பிள்ளைகளுக்குப் பஸ் விட்டதே, அது மாதிரி ஒரு பஸ் கூடப் போதும்.

நண்பர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிட்டார்.

பொங்கலன்று அந்தத் துண்டை நான்தான் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். புளி கால் கிலோ, கருவாடு நூறு, கடலைப்பருப்பு அரைக் கிலோ என்று வந்து, வெத்திலைக்குப் பக்கத்தில் எத்தனை என்று எழுதியிருக்கவில்லை. பத்துப் போதும், அந்தா பேனை இருக்கு, போட்டுக் குடுடா தம்பி என்றாள். தமிழில் போடுவதா சிங்களத்தில் போடுவதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, 10 என்று இலக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.